கூடத்தை ஒழித்து வைப்போம்: விருந்து நாளுக்கு ஜப்பானிய வீட்டுமுறை

நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டின் ஹால் 12 அடிக்கு 14 அடி என்று வைத்துக்கொள்வோம். மூவர் அமரும் சோபா ஒன்று, ஒற்றை சோபா இரண்டு, நடுவில் டீப்பாய், எதிர்ச்சுவரில் டிவி ஸ்டாண்டு, மூலையில் ஷோகேஸ். அளந்து பார்த்தால் இந்தச் சாமான்கள் மட்டுமே ஏறக்குறைய 58 சதுர அடியைப் பிடித்துக்கொள்ளும். நடக்கிற வழியையும் கழித்தால் மிச்சம் கொஞ்சம்தான். உட்கார முடிந்தவர்கள் ஐந்து பேர். கிறிஸ்மஸ் அன்று குலசேகரத்திலிருந்து மாமா வீட்டாரும் திருவனந்தபுரத்திலிருந்து சித்தி வீட்டாருமாகப் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினால், பிளாஸ்டிக் நாற்காலிகளை வாசல் வரை போட்டு, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் நகரலாம் என்ற நிலை வந்துவிடும்.

அதே ஹாலைக் காலி செய்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். சம்மணம் போட்டு இலைக்கு முன் உட்கார ஒருவருக்கு 2 அடி அகலம் வேண்டும். ஆள் உட்கார இரண்டரை அடி, இலைக்கு ஒன்றரை அடி, ஆக ஆழம் 4 அடி. நீளச் சுவர்கள் இரண்டையும் ஒட்டி எதிரெதிராக வரிசை போட்டால் வரிசைக்கு ஆறு பேர், மொத்தம் 12 பேர். நடுவில் பரிமாறுகிறவர் குனிந்து நடக்க 4 அடி வழி கிடைக்கும். வாசல் பக்கம் 2 அடி மிச்சமும் இருக்கும்.

ஜப்பானிய வீட்டமைப்பு தொடங்குவது இந்தக் கணக்கிலிருந்துதான். "ஜப்பானிய ஸ்டைல்" என்ற பெயரில் கடைகளில் மூங்கில் தடுப்பு, புத்தர் தலை, கூழாங்கல் தட்டு என்று ஏராளம் விற்கிறார்கள். அதில் ஒன்றைக்கூட வாங்காமல் இந்த முறையை வீட்டில் செய்து பார்க்கலாம். அதற்கு முதலில் தெரிய வேண்டிய சொல் ஷித்ஸுராய்.

ஷித்ஸுராய் என்றால் என்ன?

ஒரு காலி அறையை அன்றைய நாளுக்கும் அன்று வருகிற ஆளுக்கும் ஏற்றபடி ஒருக்கி வைப்பதுதான் ஷித்ஸுராய். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹெயான் காலத்து ஜப்பானியப் பிரபுக்களின் மாளிகைகள் பெரிய கூரையும் மரத்தளமுமாக இருந்தன. உள்ளே நிலையான சுவர்கள் மிகக் குறைவு. விழா வந்தால் மடக்குத் திரையை நிறுத்துவார்கள், துணித்திரையைத் தொங்கவிடுவார்கள், ஆள் உட்காரும் இடத்தில் மட்டும் பாய் போடுவார்கள். விழா முடிந்ததும் எல்லாம் எடுத்து வைக்கப்படும். தத்தாமி என்ற புகழ்பெற்ற ஜப்பானியப் பாய் முதலில் இப்படி எடுத்துப் போடும் இருக்கையாகத்தான் இருந்தது. தரை முழுக்கப் பரப்புகிற வழக்கம் பிற்பாடு வந்தது. கியோத்தோவில் வெள்ளி மண்டபக் கோயில் எனப்படும் கின்காக்குஜி (Ginkaku-ji) வளாகத்திலுள்ள, 1486-இல் கட்டப்பட்ட தோகுதோ என்ற கட்டடத்தில் நாலரைப் பாய் அளவுள்ள ஒரு சிறு அறை இன்றும் இருக்கிறது. பிற்கால ஜப்பானிய அறைக்கு மூத்த மாதிரியாக அதைச் சொல்வார்கள்.

அறையை இத்தனை பாய் என்று அளப்பதைக் கவனியுங்கள். ஜப்பானில் இன்றும் அறைகளைப் பாய்க்கணக்கில் சொல்கிறார்கள்: ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை. அறைக்கு நிலையான பெயரும் இருக்காது. பகலில் மெத்தையை மடித்து, ஒஷீரே என்கிற 3 அடி ஆழமுள்ள சுவர் அலமாரிக்குள் வைத்துவிட்டால் படுக்கையறை கூடமாகிவிடும். ஃபுசுமா என்ற தள்ளு கதவுகளைக் கழற்றி ஓரமாகச் சாத்தினால் இரண்டு அறை ஒன்றாகிவிடும். பொருள்களுக்கு நடுவே வேண்டுமென்றே விடும் இடைவெளிக்கு 'மா' என்று பெயர். வெறுமை என்று அதை மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். மேளத்தில் இரண்டு அடிக்கு நடுவே உள்ள நிசப்தமும் தாளக் கணக்கில் சேர்ந்தது அல்லவா, அதுபோல.

குமரி மாவட்டத்துக்கு இது முழுக்க அந்நியமான யோசனை அல்ல. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு அதே இடத்தில் இலை போட்ட வீடுகள் இங்கே எல்லா ஊரிலும் இருந்தன. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். வருகிறவரை வரவேற்கும் பூமுகத்தில் வேலைப்பாடு முழுவதும் மேலே மரக்கூரையில் இருக்கிறது. தரை கறுத்து வழுவழுவென்று காலியாகக் கிடக்கிறது. மந்திரசாலையின் ஜன்னல்களில் பதித்த மைக்காத் தகடுகள் வெயிலை அடக்கி, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகின்றன. ஷோஜி என்ற ஜப்பானியக் காகிதக் கதவு செய்கிற வேலையும் இதுவே. ஊட்டுப்புரையில் இரண்டு தளத்திலும் சேர்த்து 2000 பேர் வரை அமர்ந்து உண்ணலாம் என்பார்கள். அத்தனை பேருக்கும் இடம் கொடுத்தது அந்தக் காலித் தரை.

முதலில் வெளியேற்றம்

ஜப்பானில் ஆண்டு முடிவில் ஓசோஜி என்ற பெருந்துப்புரவு நடக்கும். எடோ காலத்திலிருந்து, அதாவது 17-ஆம் நூற்றாண்டு முதல், டிசம்பர் 13 ஒட்டடை அடிக்கும் நாள். சுசுஹராய் என்று அதற்குப் பெயர். ஜப்பான் 1873-இல் புதிய நாட்காட்டிக்கு மாறியதிலிருந்து அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி 1-க்கு வந்துவிட்டதால், இந்த வழக்கம் நம் கிறிஸ்மஸ் ஒருக்கத்தோடு அழகாகப் பொருந்துகிறது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடிந்ததும் வேலையைத் தொடங்கினால் 13-க்குள் வீட்டை ஒழித்துவிடலாம். ஓணத்துக்கோ பொங்கலுக்கோ செய்கிறவர்கள் விருந்து நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து "இது இருக்கட்டும்" என்று முடிவு செய்தால் எதுவுமே வெளியே போகாது. முழுக்கக் காலியான அறையை அரைநாளாவது அப்படியே விட்டுப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, காற்று எப்படிப் போகிறது, எந்தச் சுவரில் ஓதம் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். துப்புரவு மேலிருந்து கீழே, உள்ளிருந்து வாசலை நோக்கி: பரண், மின்விசிறி, ஜன்னல் மேல்விளிம்பு, சுவர், கடைசியில் தரை. மின்விசிறி இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்துத் துடைத்தால் தூசி தரையில் கொட்டாது.

வடகிழக்கு மழை டிசம்பரிலும் தொடரும் என்பதால் பெயிண்ட் அடிக்கிற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஈரம் ஏறிய சுவரில் எமல்ஷன் அடித்தால், உள்ளே மாட்டிய நீராவி வெளியேற முடியாமல் இரண்டே மாதத்தில் கொப்புளம் விடும். கடலோர ஊர்களில் சுவரடியில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பெயிண்ட் வேலை மார்ச், ஏப்ரலுக்கானது.

எல்லோருக்கும் முதலில் எழும் கேள்வி, சோபாவை எங்கே கொண்டு போவது என்பதுதான். ஒற்றை சோபாக்கள் படுக்கையறைக்குப் போகட்டும். தலைசாய்க்க நினைக்கும் பெரியவர்களுக்கு அங்கே பயன்படும். பெரிய சோபா சாரல் அடிக்காத சிட்-அவுட்டுக்குப் போகலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் 12 அடிச் சுவர் ஒன்றிலிருந்து 2 அடி தள்ளி, மேலிருந்து தரை வரை ஒரே நிறத்தில் பருத்தித் திரை போடுங்கள். 24 சதுர அடியை இழக்கிறீர்கள். பதிலுக்கு டீப்பாய், ஷோகேஸ் பொருள்கள், துணிக்கூடை, குழந்தைகளின் சைக்கிள் எல்லாம் கண்ணிலிருந்து மறையும். வாசலை ஒட்டி விட்ட 2 அடியைச் சுவர் பக்கம் நகர்த்தினால் பந்தியிலும் பெரிய இழப்பு வராது. திரைக்குப் பூப்போட்ட துணி வேண்டாம். அறையில் மிகப் பெரிய பரப்பு அதுதான். அங்கே கோலம் போட்டுவிட்டால் வேறு எதையும் கண் பார்க்காது.

வாசலில் செருப்பு

கென்கான் என்பது ஜப்பானிய வீட்டின் நுழைவிடம். தெருவின் மட்டத்தில் ஒரு சிறு தளம், அதற்கு மேல் ஒரு படி, பிறகு வீட்டின் தரை. செருப்பு கீழ்த்தளத்தோடு நிற்கும். வீட்டின் தரை உயர்ந்திருப்பதால் அங்கே விருந்தாளியை அழைக்கும் சொல்லே "மேலே ஏறுங்கள்" என்ற பொருளில் இருக்கும். நம் ஊரில் "கேறி வாருங்க" என்று சொல்வது அதேதான்.

விருந்து நாளில் 12 பேர் வந்தால் வீட்டாருடையதும் சேர்ந்து 16 ஜோடிச் செருப்பு. ஒரு ஜோடிக்கு 10 அங்குலம் அகலம் வேண்டும். 4 அடி நீள ஸ்டாண்டில் ஒரு தட்டுக்கு நாலு ஜோடி என்றால் நாலு தட்டு. வீட்டாரின் செருப்பை முந்தின நாளே பின்வாசலுக்கு மாற்றினால் மூன்று தட்டு போதும். கழற்றிய செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பது ஜப்பானிய வழக்கம். இந்தப் பொறுப்பை வீட்டுக் குழந்தை ஒன்றிடம் கொடுங்கள். கிளம்பும்போது பாட்டி தடுமாறாமல் நேரே காலை நுழைத்துப் போகலாம். பக்கத்தில் 16 அங்குல உயரத்தில் ஒரு ஸ்டூல், பிடித்து எழ ஒரு கைப்பிடி அல்லது ஜன்னல் கம்பி. இந்த இரண்டும் ஐம்பது வயதுக்கு மேல் யாருக்கும் தேவைப்படும்.

மழை நாளில் இங்கேதான் எல்லாம் கெடும். தென்னைநார்க் கால்மிதி நீரைக் குடித்துக்கொண்டு இரண்டு நாளில் நாற்றம் எடுக்கும். வெளியே ஓட்டையுள்ள ரப்பர் மிதியடி, உள்ளே தடித்த பருத்தித் துணி, மாற்றிப் போட இன்னும் இரண்டு துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடைக்கு ஒரு வாளி, அதன் அடியில் ஒரு பழைய துணி.

விருந்தாளி வருவதற்குச் சற்றுமுன் வாசலில் தண்ணீர் தெளிப்பது ஜப்பானிலும் உண்டு. உச்சிமிசு என்பார்கள். தேநீர்ச் சடங்குக்கு அழைத்த வீட்டில் பாதைக் கற்கள் நனைந்திருந்தால், "எல்லாம் தயார், உள்ளே வரலாம்" என்று பொருள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாலை விருந்து என்றால் மறுபடி ஒருமுறை தெளியுங்கள். கிரானைட் படியில் மட்டும் வேண்டாம், வழுக்கும்.

எட்டுப் பாய் அறை

தத்தாமியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். கியோத்தோ வகை ஏறக்குறைய 191-க்கு 95.5 செ.மீ.; தோக்கியோ பக்கத்து வகை 176-க்கு 88 செ.மீ. எப்படியும் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு. உள்ளே வைக்கோலை இறுக்கி, மேலே இகுசா என்ற கோரையால் நெய்து மூடுவார்கள். கனம் 5 செ.மீ. தாண்டும்.

இதை வரவழைத்து இங்கே டைல்ஸ் மேல் போடுவது பணத்தை வீணாக்குகிற வேலை. ஜப்பானின் பழைய வீடுகளில் தரை மண்ணிலிருந்து தூக்கிக் கட்டப்பட்டது. பலகைக்கு அடியில் காற்று ஓடும், பாய் மூச்சுவிடும். நம் வீட்டில் கான்கிரீட்டும் டைல்ஸும் குளிர்ந்து கிடக்க, ஈரக்காற்று தடித்த பாயின் அடியில் படிந்து பூசணம் பிடிக்கும். தென்மேற்கு மழை, அடுத்து வடகிழக்கு மழை என்று வருடத்தில் பாதி நனைகிற மாவட்டம் இது.

நம்மிடம் கோரைப்பாய் இருக்கிறது. கடையில் கிடைக்கிற ஒற்றைப் பாய் பெரும்பாலும் 6 அடிக்கு 3 அடி, அதாவது 183-க்கு 91 செ.மீ. தத்தாமியின் அளவுதான்! மெல்லியது, ஒரு மணி நேர வெயிலில் காயும், சுருட்டி வைக்கலாம். நெருக்கமான நெசவு வேண்டுமென்றால் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய். அடியில் ஜமுக்காளம் விரித்தால் முழங்காலுக்கு மெத்தென்று இருக்கும், பாயும் நழுவாது.

12-க்கு 14 ஹாலில் எட்டுப் பாய் 12-க்கு 12 அடியை நிரப்பும். வாசலை ஒட்டி 2 அடித் தரை வெறுமையாக நிற்கும். கால் ஈரம் அங்கேயே நிற்கட்டும். பாய்களைச் செங்கல் அடுக்கு மாதிரி இல்லாமல் சதுரம் சதுரமாகப் போட்டால் நாலு மூலை ஒரே புள்ளியில் சந்திக்கும். ஜப்பானில் மங்கல நாள்களுக்கு இதைத் தவிர்ப்பார்கள். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு: நாலு மூலை சேருமிடத்தில் நுனிகள் கிளம்பி, பாயச வாளியோடு வருகிறவர் காலில் தட்டும். அதனால் இப்படிப் போடுங்கள். மேல் சுவரை ஒட்டி இரண்டு பாய் ஒன்றன் முடிவில் ஒன்றாகக் கிடைவாட்டில். எதிர்ப்புறக் கடைசியிலும் அதேபோல் இரண்டு. நடுவில் மிஞ்சும் 6 அடிப் பட்டையில் இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று நெடுவாட்டில். மிச்சமுள்ள 6-க்கு 6 சதுரத்தில் இரண்டு பாய் கிடைவாட்டில், அடுத்தடுத்து. எந்த இடத்திலும் நாலு மூலை சேராது.

இது உட்கார்ந்து பேசுவதற்கான அமைப்பு. சாப்பாட்டு நேரத்தில் நடுப்பாய்களை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பந்திப்பாய் விரித்து, இலையைத் தரையில் போடுங்கள். கோரைப்பாயில் சாம்பாரோ மீன் கறியோ சிந்தினால் மஞ்சள் கறை போகாது. ஒரே அறை பத்து நிமிடத்தில் பேச்சுக்கூடத்திலிருந்து ஊட்டுப்புரையாக மாறுவதுதான் ஷித்ஸுராய். மாற்றுவதைப் பிள்ளைகளோடு முந்தின நாள் ஒருமுறை செய்து பாருங்கள்.

முட்டுவலிக்காரர்களைத் தரையில் உட்காரச் சொல்லக் கூடாது. அழகுக்காக ஒரு பெரியவரை வருத்துகிற விருந்து விருந்தே அல்ல. ஜப்பானிலும் இப்போது வயதானவர்களுக்குத் தாழ்வான நாற்காலி போடுகிறார்கள். சுவரோரமாக 16 முதல் 18 அங்குல இருக்கை உயரமுள்ள கைப்பிடி நாற்காலி மூன்று, நான்கு போடுங்கள். அவர்களைத் தனியே ஓரங்கட்டாமல் பந்தி வரிசையின் தலைப்பிலேயே உட்கார வைத்து, முன்னால் ஒரு மேசை.

தாழ்வான மடக்கு மேசை ஒன்று செய்துகொள்ள விரும்பினால் ஆசாரியிடம் 12 முதல் 13 அங்குல உயரம் சொல்லுங்கள். 3 அடிக்கு 2 அடிப் பலகை, மடங்கும் கால். அயினி நன்றாக உழைக்கும். பலா மஞ்சளாக வந்து வருடம் போகப்போகச் சிவக்கும். ரப்பர் மரம் நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். பதப்படுத்தாத ரப்பர் பலகையில் ஆறு மாதத்தில் வண்டு துளைத்து மாவு மாவாகக் கொட்டும். மூங்கிலுக்கும் இதே கதிதான்.

ஒரு மூலை, ஒரு பூ

இந்த முறையில் மனத்தைச் செலவிட வேண்டிய இடம் தொக்கோனோமா. வரவேற்பு அறையின் ஒரு சுவரில் சற்று உள்வாங்கிய, தரை சற்று உயர்ந்த மாடம் அது. உள்ளே தொங்கும் ஓவியச் சுருள் ஒன்று, அதன் கீழ் ஒரு பூ. பருவத்துக்கும் வருகிறவருக்கும் ஏற்றபடி அது மாறும். அறையில் வேறெங்கும் அலங்காரம் இருக்காது என்பதால் எல்லோர் கண்ணும் அங்கே போய் நிற்கும். அதில் யாரும் ஏறுவதில்லை, சாமான் வைப்பதில்லை. மதிப்புக்குரிய விருந்தாளியின் இருக்கை அதன் அருகில்தான்.

நம் வீடுகளில் இதற்கு இணையானது ஏற்கெனவே உண்டு. டிசம்பரில் குடில் கட்டுகிறோம். சித்திரை முதல் நாள் கனி காண ஒருக்குகிறோம். ஓணத்துக்கு அத்தப்பூ போடுகிறோம். எல்லாமே ஒரு நாளுக்காக ஓர் இடத்தை ஒதுக்குகிற செயல். சிக்கல் என்னவென்றால் குடிலுக்குப் பக்கத்திலேயே ஃபிரிட்ஜ், மேலே காலண்டர், பின்னால் நாலு நிறத்தில் மின்னும் சீரியல் செட்.

வாசலிலிருந்து நுழைந்ததும் தெரிகிற சுவரில் 3 அடி அகலம் ஒதுக்குங்கள். அங்கே உள்ள ஆணி, ஸ்விட்ச் போர்டு கவர், காலண்டர் எல்லாவற்றையும் பாருங்கள். எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள். தரையில் 3 அடிக்கு ஒன்றரை அடிப் பலகையை 3 அங்குலம் உயர்த்தி வையுங்கள், அடியில் காற்று போகும்படி. சுவரோடு ஆணியடித்து நிரந்தரமாக்கினால் கறையான் பின்பக்கமாக ஏறுவது தெரியாமல் போகும். குடில் வைக்கிறவர்கள் இந்தப் பலகையில் அதை மட்டும் வையுங்கள். நிலவிளக்கு வைக்கிறவர்கள் விளக்கும் ஒரு பூவும்.

பூவுக்குத் தோவாளைச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே மாலைக்கான பூக்கள்தான் மிகுதி. பிச்சிக்கும் மல்லிகைக்கும் நிறுத்தி வைக்கக் காம்பு கிடையாது. காம்பு வேண்டுமென்றால் வீட்டு வேலியைப் பாருங்கள்: நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ. செம்பருத்தி ஒரே பகல்தான் நிற்கும். விருந்தும் ஒரே பகல்தானே. தாமரை என்றால் மொட்டாக வாங்கி, வெளியிதழ்களை மட்டும் உள்நோக்கி மடித்து வையுங்கள். விரிந்த தாமரை பறித்த சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும்.

அளவுக்கு, இகெபானா என்ற ஜப்பானியப் பூ அமைப்புக் கலையில் எளிய கணக்கு ஒன்று உண்டு. சோகெட்சு மரபில் தொடக்க நிலையில் சொல்லித் தருவது: பாத்திரத்தின் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் முதல் தண்டின் நீளம். 6 அங்குல உயரம், 4 அங்குல அகலம் என்றால் 15 அங்குலம். இரண்டாவது தண்டு அதில் முக்கால், சுமார் 11. மூன்றாவது அதிலும் முக்கால், சுமார் 8. தண்டுகளை நிறுத்த அவர்கள் கென்சான் என்ற முள்தட்டு வைப்பார்கள். அதற்குப் பதிலாக வாழைத்தண்டில் ஒன்றரை அங்குலத் துண்டு வெட்டி, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுக் கறையை இறக்கி, கிண்ணத்தில் வைத்து, தடித்த ஈர்க்கால் துளையிட்டுச் செருகுங்கள். தண்டு அசையாமல் நிற்கும். மறுநாள் கறுத்துவிடும், புதுத்துண்டு மாற்ற வேண்டும். வெட்டும்போது தண்டின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டுங்கள். வெளியே வெட்டினால் காற்றுக்குமிழி உள்ளே போய் நீர் ஏறாது.

பூவே வேண்டாம், ஊர்ப் பெருமை ஒன்று வேண்டும் என்றால் தோவாளை மாணிக்கமாலை ஒன்று மட்டும் வெறும் சுவரில் தொங்கட்டும். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடக்கி மடக்கிப் பாய் முடைந்த மாதிரி தட்டையாகக் கட்டுகிற மாலை அது. கூட்டத்தில் வைத்தால் அதன் வேலைப்பாடு தெரியாது. அரளி விஷம் என்பதால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் நாலு அடிக்கு மேல் மாட்டுங்கள்.

தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டம் சுமார் இரண்டரை அடி. நின்றபடி பார்த்து 5 அடியில் மாட்டிய படம் உட்கார்ந்தவருக்கு அண்ணாந்து பார்க்கிற உயரம். படத்தின் நடுப்பகுதி மூன்றரை அடியில் வருமாறு இறக்குங்கள். அலங்காரம் முடிந்ததும் நின்று பார்க்காதீர்கள். பாயில் உட்கார்ந்து பாருங்கள். சோபாவுக்கு அடியில் கிடந்த வயர் குவியல், சுவரடியில் வழிந்த பழைய பெயிண்ட் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

வெளிச்சம்

ஷோஜிக் கதவில் ஒட்டுவது பெரும்பாலும் கோசோ என்ற முசுக்கொட்டை இனச் செடியின் பட்டையில் செய்த காகிதம். நம் ஈரக்காற்றில் அது தொய்ந்து, புள்ளி விழுந்து, வெள்ளிப்பூச்சிக்கு இரையாகும். மரச்சட்டத்தில் வெளிர்நிறக் கைத்தறித் துணி போதும். தைக்கும் முன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிச் சட்டத்தை வளைக்கும். தள்ளு கதவாகச் செய்தால் தண்டவாளம் மேலே இருக்கட்டும். கீழ்ப்பள்ளத்தில் மணலும் மழைநீரும் சேர்ந்து ஒரே பருவத்தில் சிக்கிக்கொள்ளும்.

கூரையில் ஒரு நீலவெள்ளை டியூப் லைட்டை எரிய விடுவதைவிட, 2 அடி உயரத்தில் மூன்று விளக்குகள் மூலைக்கொன்றாக: 7 வாட் எல்இடி, 2700 கெல்வின் என்று எழுதிய இளமஞ்சள் ஒளி. துணிக்கூடுக்கும் பல்புக்கும் 4 அங்குலம் இடைவெளி. ஆனால் மீன் கறி பரிமாறும் நேரத்தில் கூரை விளக்கையும் போட்டுவிடுங்கள். மங்கலில் முள் தெரியாது, குழந்தைகள் தொண்டையில் மாட்டும். வாசலில் தொங்கும் காகித ஸ்டாரை எடுக்க வேண்டியதில்லை. ஜப்பானியக் காகித விளக்குக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். உள்ளே ஒற்றைநிற பல்பு மட்டும் போடுங்கள்.

பலகாரம் பற்றி ஒன்றுதான். கட்டன் சாயாவோடு ஒரே தட்டில் ஒன்பது வகையைக் குவிக்காமல், ஆளுக்கு ஒரு சிறு தட்டில் முந்திரிக்கொத்து ஒன்று, அச்சுமுறுக்கு ஒன்று, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப் பழம் ஒன்று. தீர்ந்ததும் மறுபடி வைக்கலாம்.

எடுத்து வைக்கும் நாள்

ஜப்பானியர் புத்தாண்டு அலங்காரத்தை டிசம்பர் 29-இல் செய்வதைத் தவிர்ப்பார்கள். ஒன்பதைச் சொல்லும் 'கு' துன்பத்தையும் குறிக்கும். 31-லும் செய்ய மாட்டார்கள்; ஓர் இரவுக்கு முன் அவசரமாகச் செய்வது வருகிறவரை மதிக்காத செயலாம். நம்பிக்கை எதுவானாலும் இது நல்ல விதி. 24-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு ஏணியில் நிற்கிறவர் மறுநாள் விருந்தில் தூங்கி வழிவார். 22-க்குள் அறை தயாராக இருக்கட்டும், கடைசி நாளுக்குப் பூ மட்டும்.

எடுப்பதற்கும் தேதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 முடிந்ததும் குடிலையும் ஸ்டாரையும் எடுத்து, பொங்கல் வரை அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பாய்களை ஈரத்துணியால் துடைக்காமல், நன்றாகப் பிழிந்த துணியால் நெசவின் வாக்கிலேயே ஒருமுறை துடைத்து, இரண்டு பக்கமும் வெயில் காட்டுங்கள். சூடு முழுக்க ஆறிய பிறகு சுருட்டுங்கள், மடிக்க வேண்டாம், மடித்த இடத்தில் கோரை ஒடியும். இடையில் உலர்ந்த நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டு, சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிமிர்த்தி வையுங்கள். அடியில் ஒரு மரக்கட்டை இருக்கட்டும். ஓதம் தரையிலிருந்துதான் ஏறும்.